வாளின் பிடியில் ஒரு யாளி

மார்கழி பிறக்கும் நேரத்தில் அச்சன்கோவில் ஐயப்பனின் தங்க வாளும் ஆபரணப் பெட்டியும் புனலூரிலிருந்து தென்காசி வழியாகப் போகின்றன. காசி விசுவநாதர் கோயில் முன்பு கூட்டம் திரண்டு வரவேற்கிறது. அதே கோயிலின் முன்மண்டபத் தூண்களில் வீரபத்திரர்கள் வாள் ஏந்தி நிற்கிறார்கள். ஆவேசமான முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் வாள் பிடித்த கையையும் பாருங்கள். அலகுக்கு வெட்டுகிற வேலை ஒன்றுதான். கொல்லர் தம் கற்பனையையெல்லாம் கொட்டியது பிடியில்.

இரும்பில் அதற்குச் சிறந்த சான்று, நாயக்கர் காலத்துத் தஞ்சாவூர்க் கட்டாரி. இரண்டு பக்கச் சட்டங்கள் மணிக்கட்டை ஒட்டி நிற்க, நடுவிலுள்ள குறுக்குப் பிடியை முஷ்டியால் பற்றி நேராகக் குத்தும் ஆயுதம் இது. புறங்கையைக் காக்க, காற்றில் புடைத்த தோணிப் பாய் போல வளைந்த இரும்புத் தகடு இருக்கும். அதை உளியால் துளைத்து, அரத்தால் ராவிக் கொடியும் இலையும் எடுத்திருப்பார்கள். தகட்டின் உச்சி யாளித் தலையாகவோ நாகப் படமாகவோ முடியும். ஓரங்களில் கிளியும் மயிலும் வரும். அலகோ பல கட்டாரிகளில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. பிடிதான் நம் ஊர் வேலை. கோயில் தூணில் காவல் நிற்கும் யாளியைக் கொல்லர் பிடியிலும் அமர்த்தியதற்குக் காரணம், எதிரியை மிரட்டுவதைவிட, பிடித்தவருக்குத் துணையாக இருக்கட்டும் என்பதே என்று நினைக்கிறேன். கிளி மன்மதனின் வாகனம். கொல்லும் கருவியில் அதற்கும் இடம் கொடுத்த மனம் எனக்கு மிகவும் பிடிக்கிறது.

ஆயுதத்தில் இப்படி உருவம் செதுக்கும் வழக்கம் ஜப்பானிலும் உண்டு. ஜப்பானியர் வாளில் அலகுக்கும் பிடிக்கும் நடுவே ‘சுபா’ என்ற காப்புத் தட்டு உண்டு. அதில் தும்பியைச் செதுக்குவார்கள். அது பின்வாங்காமல் முன்னேறிப் பறப்பது, ஆகவே வெற்றிக்கு அடையாளம். காட்டுப்பன்றிக் கண் எனப்படும் இதய வடிவத் துளை தீமையை விலக்கும் என்பது நம்பிக்கை. 1876இல் அங்கே பொது இடத்தில் வாள் தரிக்கத் தடை வந்தபோது, சுபா செய்த கைவினைஞர்கள் பூச்சாடிக்கும் அலங்காரப் பொருளுக்கும் மாறினார்கள். கைத்திறன் தப்பியது.

இங்கே நடந்ததோ வேதனை. 1855இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுக்கு வந்தது. 1860களில் அரண்மனை ஆயுதச்சாலையைக் கலைத்து, தேர்ந்தெடுத்த சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். எழும்பூரிலுள்ள அந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் ஆயுதக் கூடத்தில் அலகை விட்டுவிட்டு, முதலில் பிடியைக் குனிந்து பார்க்க வேண்டும்.