அணைக்கு நிலம் போனால் பிழைப்புக்கு என்ன வழி?



அணை கட்டினால் கீழே பாசனம் பெருகும். தண்ணீர் தேங்குகிற மேல்பக்கத்தில் ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் அப்புறம் எதை வைத்துப் பிழைப்பார்கள்? குஜராத்தில் நர்மதை ஆற்றின் குறுக்கே கட்டிய சர்தார் சரோவர் அணையைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

இந்த அணை நீரில் குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் ஆகிய 3 மாநிலங்களின் நிலம் முழுகியது. 1979-ல் நர்மதை நடுவர் மன்றம், 'நிலத்துக்கு நிலம்' என்று தீர்ப்புச் சொன்னது. தன் நிலத்தில் கால் பங்குக்கு மேல் இழக்கிற குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர், பாசனத்துக்கு ஏற்ற நிலம் தர வேணும். வயது வந்த மகனைத் தனிக் குடும்பமாக எண்ண வேணும்.

பணமாகவே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். பணம் கடனுக்கும் கல்யாணத்துக்கும் கரைந்துவிடும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நிலம் தேடினால் விலையும் ஏறிவிடும். மத்தியப் பிரதேசத்தில் பலர் பணம் வாங்கினார்கள். நிலம் வாங்கப் போய் தரகர்களிடம் ஏமாந்தவர்களும் உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2017-ல் அந்த நீதிமன்றம், 681 குடும்பங்களுக்கு 2 ஹெக்டேருக்கு ஈடாகத் தலா 60 லட்சம் ரூபாயும், ஏமாந்த 1,358 குடும்பங்களுக்கு முன்பு வாங்கியது போகத் தலா 15 லட்சமும் கொடுக்கச் சொன்னது. தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 38 வருஷம்!

பட்டா நிலம் மட்டுமா பிழைப்பு? ஆற்று மீன், படுகையில் போட்ட தர்பூசணி, காட்டில் பொறுக்கிய இலுப்பைப் பூ, மாட்டுக்கு மேய்ச்சல், அடுத்தவர் வயலில் கூலி இவையும் பிழைப்புத்தான். புது ஊரில் இவை கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேணும்.

2013-ம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் குத்தகைதாரர், கூலிக்காரர், மீனவர் ஆகியோரையும் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் சேர்க்கிறது. எடுப்புக்கு முந்தின 3 வருஷம் அங்கே பிழைத்திருக்க வேணும். பாசனத் திட்டமானால், நிலம் இழந்தவருக்கு இழப்பீட்டுக்குப் பதிலாக, முடிந்த வரை, ஆயக்கட்டில் குறைந்தது 1 ஏக்கர் தரச் சொல்கிறது. தண்ணீர் ஏறுவதற்கு 6 மாதம் முன்பே குடியமர்த்தும் வேலை முடிய வேணும்.

ஆகவே எங்கே கணக்கெடுப்பு வந்தாலும், குடும்பத்தின் ஒவ்வொரு வருமானத்தையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மாற்று நிலம் என்றால் கோடையில் ஒரு தரம், மழையில் ஒரு தரம் நேரில் போய்ப் பாருங்கள். மண், தண்ணீர், பட்டா மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் சம்மதியுங்கள்.