பனி நாட்டுப் பண்டகசாலை

ஓர் ஊர் மக்களுக்கு என்ன உணவு கிடைக்கும் என்பதை அவ்வூரின் மண்ணும் மழையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவ்வூரிலுள்ள கடை யாருடையது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கனடா நாட்டின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். எஸ்கிமோக்கள் என்று முன்னாளில் பிறரால் அழைக்கப்பட்டவர்கள் இவர்களே.

இம்மக்கள் பெரும்பான்மையாக வாழும் நூனவுட் பிரதேசம் 1999 ஏப்ரல் 1 அன்று தனி ஆட்சிப் பகுதியாக அமைந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர். 2021 குடிக்கணக்கின்படி அங்கு வாழ்வோர் 37,000 பேருக்கும் சற்றுக் குறைவு. மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. தென் கனடாவுக்குச் சாலையோ இருப்புப்பாதையோ கிடையாது. மேல்மண் கோடையில் சிறிது இளகினாலும் அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பதால் உழவுக்கு இடமில்லை.

வெளியிலிருந்து உணவு வருவதற்கு இரண்டே வழிகள் உள. கோடையில் கடற்பனி உடைந்த பின் சில மாதங்கள் கப்பல் வரும். பெரும்பாலான ஊர்களில் துறைமுக மேடை இல்லாமையால், சரக்குகளைத் தட்டைப் படகுகளில் இறக்கி, ஓதம் ஏறும் வேளை பார்த்துக் கரை சேர்க்கிறார்கள். மாவு, சர்க்கரை, தேயிலை போன்று கெடாத பண்டங்கள் இவ்வாறு ஓராண்டுத் தேவைக்குச் சேமிக்கப்படுகின்றன. பால், முட்டை, காய்கறி, பழம் ஆகியவை விமானத்தில் வந்தாக வேண்டும். பனிப்புயல் வீசினால் விமானம் இறங்காது. கடையின் தட்டுகள் வெறுமையாகிவிடும். வந்து சேரும் கீரையும் வாடியிருக்கும். விலையோ தென்பகுதி விலையைப் போல் பன்மடங்கு.

இதனால் அந்நிலம் உணவே தராத நிலம் என்று கருதிவிடலாகாது. கடல்நாய், கரிபூ மான், திமிங்கிலம், சால்மன் இனத்தைச் சேர்ந்த சார் மீன் ஆகியவை அம்மக்களின் தொன்றுதொட்ட உணவு. காய்கனி இன்றி நெடுங்கடலில் சென்ற ஐரோப்பிய மாலுமிகள் ஸ்கர்வி நோயால் மடிந்த காலத்திலும், இனுயிட் மக்கள் அந்நோய்க்கு ஆளாகாது வாழ்ந்தனர். திமிங்கிலத் தோலிலும் பச்சை இறைச்சியிலும் உள்ள சி வைட்டமினே அதற்குக் காரணம். வேட்டையில் கிடைத்ததை உறவினருக்கும் அயலாருக்கும் பங்கிட்டு உண்பது அவர்களுடைய மரபு. உணவைத் தம்மவருக்கு விலைக்கு விற்பது அவர்கள் வழக்கமன்று.

இம்முறை மாறத் தொடங்கியது உரோம வியாபாரத்தினால். 1670 இல் சாசனம் பெற்ற ஹட்சன் பே கம்பெனி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகரையெங்கும் கொள்முதல் நிலையங்களைத் திறந்தது. பாங்னிர்டுங் என்னும் ஊரில் அதன் நிலையம் 1921 இல் ஏற்பட்டது. மக்கள் வெண்ணரித் தோல்களைக் கொணர்ந்து கொடுத்து, மாவும் தேயிலையும் துப்பாக்கி ரவையும் பெற்றுச் சென்றார்கள். பல ஊர்களில் தோலுக்கு விலை வைத்தவரும் மாவுக்கு விலை வைத்தவரும் ஒருவரே. நூல் கொடுப்பவரும் துணி எடுப்பவரும் ஒரே முதலாளியாக இருந்த நாட்களை அறிந்த நெசவாளர்களுக்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1940களின் இறுதியில் நரித்தோல் விலை வீழ்ந்தபோது, பல முகாம்களில் பசி புகுந்தது.

இந்நிலையிலேதான் கூட்டுறவு அங்கே கால்கொண்டது. 1959 இல் கியூபெக் மாகாணத்தின் வடபகுதியில், காங்கிக்சுவாலுஜுவாக் என்னும் ஊரில், சார் மீனைப் பிடித்து உறையவைத்துத் தெற்கே விற்பதற்கென ஒரு சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் கேப் டார்செட் ஊரில் கல்லச்சுப் படங்களின் முதல் தொகுப்பு வெளிவந்தது. அவ்வூர் இந்நாளில் கின்கைட் என வழங்குகிறது. அதன் சங்கத்தில் வரைந்த கெனோஜுவாக் அஷெவாக் அம்மையாரின் ஆந்தைப் படம் 1970 இல் கனடா நாட்டு அஞ்சல் தலையிலேயே இடம்பெற்றது. படமும் சிற்பமும் மீனும் விற்ற சங்கங்கள் பண்டகசாலைகளையும் நடத்தின. வட கியூபெக் சங்கங்கள் 1967 இல் கூட்டமைப்பாயின. ஏனைய வடபுலச் சங்கங்கள் 1972 இல் ஒன்றுசேர்ந்தன. மொத்தக் கொள்முதல், கப்பல் ஏற்பாடு, கைப்பொருள் விற்பனை ஆகியவற்றைக் கூட்டமைப்புகள் மேற்கொண்டன.

பாங்னிர்டுங் ஊரில் 1970 இல் ஒரு நெசவுக்கூடமும் திறக்கப்பட்டது. நெசவு மரபே இல்லாத அவ்வூர்ப் பெண்கள் தறியில் அமர்ந்து, வெளியிலிருந்து வந்த கம்பளி நூலைக் கொண்டு, முதியோர் வரைந்த வேட்டைக் காட்சிகளைச் சித்திரத் திரைகளாக நெய்தார்கள்.

தறிக்கும் உணவுக்கும் என்ன தொடர்பு என்று அங்கத்தினர்கள் வினவலாம். நாய்ச்சறுக்கு வண்டியின் இடத்தைப் பனியில் ஓடும் மோட்டார் வண்டி பிடித்த பின்னர், வேட்டைக்குப் பெட்ரோலும் உதிரிப்பாகமும் ரவையும் வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டும். வீட்டில் ஒருவர் நெய்தோ செதுக்கியோ ஈட்டும் பணம்தான் மற்றொருவரைக் கடற்பனிக்கு அனுப்புகிறது. அவர் கொணரும் கடல்நாய் பல வீட்டு அடுப்புக்குப் போகிறது.

இவ்விணைப்பு அறுந்தால் நேர்வது யாதென்பதையும் அவர்கள் கண்டார்கள். 1983 இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் கடல்நாய்க் குட்டிகளின் தோலை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. இனுயிட் மக்கள் வேட்டையாடியது வளர்ந்த கடல்நாய்களை. தடை அவர்களைக் குறிக்கவில்லை. ஆயினும் சந்தை முழுவதும் சரிந்து, அவர்கள் தோலும் விலைபோகாதாயிற்று. வேட்டைச் செலவுக்கு வழியற்ற குடும்பங்கள் விமானத்தில் வந்த உணவையே நம்பும்படி ஆயிற்று.

துன்பம் தீர்ந்துவிடவில்லை. 2017–18 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நூனவுட்டில் நூற்றுக்கு 57 குடும்பங்கள் பணமின்மையால் போதிய உணவுக்கு உறுதியற்ற நிலையில் இருந்தன. 2011 முதல் கனடா அரசு, விமானத்தில் வரும் சத்துணவுக்கான மானியத்தைக் கடைகளின் வழியே வழங்குகிறது. மானியம் பெறுவனவற்றுள் கூட்டுறவுக் கடைகளும் உண்டு. அம்மானியம் முழுவதும் விலைக் குறைப்பாக மக்களைச் சேர்கிறதா என்பதை அரசு சரிபார்க்கவில்லை என்று 2014 இல் தலைமைத் தணிக்கையாளர் குறை கூறினார். வேட்டைக்கு உதவும் திட்டம் அதன் பின்னரே சேர்க்கப்பட்டது.

கூட்டுறவு தூரத்தைக் குறைத்துவிடாது. விமானக் கட்டணம் சங்கத்துக்கும் ஒன்றே, தனியாருக்கும் ஒன்றே. ஆனால் சங்கக் கடையில் உபரி அங்கத்தினருக்குரியது. நிர்வாகிகள் அவர்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். கணக்கைக் கேட்கும் உரிமையும் அவர்களுடையது. அவ்வுரிமையைப் பயன்படுத்தாத இடத்தில் சங்கமும் மற்றொரு கடையாகவே ஆகிவிடும்.

ஆகவே, வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும்போது கொள்முதல் விலை எவ்வளவு, வண்டிச் சத்தம் எவ்வளவு, மானியம் எவ்வளவு, தட்டில் ஒட்டிய விலை எவ்வளவு என்று எழுந்து கேட்கும் அங்கத்தினரைத் தொல்லைக்காரர் என எண்ணலாகாது. வேறு கடைக்குப் போக வழியில்லாத ஊரில், அக்கேள்விதான் ஏழை வீட்டு அடுப்புக்குக் காவல்.