மச்சான் கையில் கயிறு: திரேஸ்புரத்தில் மாறிய ஒரு கேம் ஐடியா

போன எபிசோட்ல கேம் இன்ஜின் பத்திப் பேசினதும் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "இன்ஜின் ஓகே ப்ரோ, என்ன கேம் பண்றதுன்னே தெரியலையே?" அதனால இன்னைக்கு ஒரு வரி கோடு கூடக் கிடையாது. கான்செப்ட் மட்டும்தான்.

தூத்துக்குடியில இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிற நாலு பேர் என்கிட்ட வந்தாங்க. ரெண்டு பேர் கோடிங், ஒருத்தர் ஓவியம், ஒரு பொண்ணு சவுண்டும் கதையும். அந்தப் பொண்ணுக்குச் சொந்த ஊரே திரேஸ்புரம். கையில ஒரு செமஸ்டர் இருக்கு, அட்வெஞ்சர் கேம் பண்ணணும். அவங்க கொண்டு வந்த டாகுமென்ட் 22 பக்கம். பாண்டியர் காலத்துல ஆரம்பிச்சு, வெள்ளைக்காரன் கப்பல் வரைக்கும் அஞ்சு லெவல். ஹீரோ கடலுக்குள்ள குதிச்சு, சுறாவோட சண்டை போட்டு, புதையல் முத்தை எடுக்கிறான். எல்லாம் த்ரீடி.

படிச்சதும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. ஏன்னா நானும் ஃபைனல் இயர்ல இப்படித்தான் மதுரை முழுக்க ஓப்பன் வேர்ல்டா கட்டுறேன்னு கிளம்பினேன். டெமோ அன்னைக்கு என் ஹீரோ மாசி வீதியில நாலு அடி நடந்து ஒரு சுவருக்குள்ள போனான். போனவன் வரவே இல்லை.

நான் அவங்ககிட்ட கேட்டது ஒண்ணுதான். "பிளேயர் பத்து செகண்டுக்கு ஒரு தடவை என்னப்பா பண்றான்?" ஒருத்தர் சண்டைன்னார், ஒருத்தர் நீச்சல்னார், ஒருத்தர் தேடுறதுன்னார். அப்போ இது மூணு கேம். நாலு பேருக்கு ஒண்ணே ஜாஸ்தி.

இந்த இடத்துல ஒரு பழைய கதை சொல்லணும். 2005-ல அமெரிக்காவுல டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 'நார்பக்யுலர் ட்ராப்'னு ஒரு கேம் பண்ணாங்க. கிராஃபிக்ஸ் சுமார்தான். ஆனா அதுல ஐடியா ஒண்ணே ஒண்ணு: சுவத்துல ஒரு ஓட்டை போடு, இன்னொரு இடத்துல இன்னொரு ஓட்டை போடு, இதுல நுழைஞ்சா அதுல வெளிய வருவ. அதைப் பார்த்துட்டு வால்வ் கம்பெனி அந்த டீமையே வேலைக்கு எடுத்துக்கிச்சு. 2007-ல வந்த 'போர்ட்டல்' அங்க இருந்து பிறந்ததுதான்.

"சரி அண்ணா, எங்க ஒரு ஐடியா எது?" லேப்டாப்பை மூடுங்க, திரேஸ்புரம் போவோம்னேன்.

காலையில போனோம். பக்கிள் ஓடை கடல்ல சேர்ற பக்கம், நாட்டுப்படகு வரிசையா நிக்குது. இங்க இருந்து இன்னைக்கும் சங்கு குளிக்கப் போறாங்க. ஆனா மூச்சை அடக்கிக் குதிக்கிற காலம் போயாச்சு. படகுல கம்ப்ரசர், அதுல இருந்து ஒரு டியூப், கடலுக்கடியில அதை வாயில கவ்விக்கிட்டு வேலை. எடுத்த சங்கு வளையலாகுறதுக்கு வங்காளம் வரைக்கும் போகுது. முத்து கிடையாது. இந்தக் கரையில கடைசியா அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்தினது 1961. அதுக்கு அப்புறம் பார்ல சிப்பி அந்த அளவுக்குத் தேறவே இல்லை. பார்னா கடலுக்கடியில சிப்பி விளையுற பாறைத் திட்டு. தோலாயிரம் பார்னு ஒண்ணு இருக்கு, பேரே ஒரு லெவல் பேர் மாதிரி இல்ல?

பழைய முறையைக் கொஞ்சம் விளக்குறேன், ஏன்னா கேம் அதுக்குள்ளதான் இருந்துச்சு. குளிக்கிறவர் கயித்துல கட்டின ஒரு கல்லு மேல கால் வெச்சு நிப்பார். கல்லு 15, 20 கிலோ வரும். கல்லை விட்டதும் ஆளை விறுவிறுன்னு அடிமட்டத்துக்குக் கொண்டு போயிரும். பத்து மீட்டர் ஆழத்துல தண்ணி அழுத்தத்துல நுரையீரல் காத்து பாதி அளவுக்குச் சுருங்கிரும். கிட்டத்தட்ட ஒரு நிமிஷம்தான். அதுக்குள்ள சிப்பியை வலைப்பையில அள்ளிட்டு, கயித்தை ஒரு சுண்டு சுண்டணும். மேல படகுல இருக்கிற ஆள் இழுக்கணும். கயிறு பிடிக்கிறது யாருன்னா, மச்சான். மனைவியோட தம்பியோ அண்ணனோ. தன் கூடப்பிறந்தவ தாலி அந்தக் கயித்துல தொங்குது, அவன் கண் அசர மாட்டான்னு சொல்லுவாங்க.

திரும்பி வரும்போது ஆட்டோவுல அந்தப் பொண்ணுதான் மெதுவா சொன்னா: "அண்ணா, நாம ஏன் குளிக்கிறவரா விளையாடணும்? மச்சானா விளையாடினா என்ன?"

யோசிச்சுப் பாருங்க. பிளேயர் படகுலயே நிக்கிறான். கீழ என்ன நடக்குதுன்னு தெரியாது. கையில கயிறு, அவ்வளவுதான். பத்து செகண்டுக்கு ஒரு தடவை என்ன பண்றான்? இழுக்கவா வேண்டாமான்னு முடிவு பண்றான். இன்னொரு லாபம், கடலுக்கடியில எதுவுமே வரைய வேண்டாம். ஓவியர் அப்பதான் மூச்சு விட்டார்.

கோடு எழுதுறதுக்கு முன்னாடி காகித புரோட்டோடைப்னு ஒண்ணு பண்ணுவோம். இவங்களுக்குக் காகிதம் கூடத் தேவைப்படலை. ஹாஸ்டல் மாடிப்படியில நிஜக் கயிறு. கீழ ஒருத்தர் மூச்சை அடக்கிக்கிட்டு கோலிக்குண்டு பொறுக்கணும், மேல ஒருத்தர் கண்ணை மூடிக் கயித்தைப் பிடிக்கணும். என்ன ஆச்சு தெரியுமா? மேல இருந்தவங்க எல்லாருமே பயத்துல சீக்கிரம் இழுத்துட்டாங்க. கீழ இருந்தவருக்குக் கோபம்: "பை காலிடா, இன்னும் பத்து செகண்ட் விட்டிருக்கலாம்ல!" அடுத்த தடவை லேட்டா இழுத்தாங்க. வந்தவர் முகம் சிவந்து, அஞ்சு நிமிஷம் யார்கூடயும் பேசலை. அங்கேயே நிறுத்தச் சொன்னேன், மூச்சு விஷயத்துல விளையாட வேண்டாம், நீங்களும் வீட்ல முயற்சி பண்ணாதீங்க. ஆனா கேம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு.

அப்புறம் வெட்டுற வேலை. பாண்டியர் போயாச்சு, கப்பல் போயாச்சு. சுறாவை மந்திரத்தால கட்டுற 'கடல்கட்டி'யை சேவ் பாயிண்ட்டா வைக்கணும்னு ஒரு தம்பிக்கு ஆசை. மார்க்கோ போலோவே எழுதியிருக்கார், மீனை மந்திரத்தால கட்டுறவங்களுக்கு எடுத்ததுல இருபதுல ஒரு பங்குன்னு. செம விஷயம்தான், ஆனா அது வேற கேம். அழுதுக்கிட்டே அழிச்சார்.

நான் சண்டை போட்டு உள்ள வெச்சது ஏலம். அந்தக் காலத்துல கரைக்கு வந்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்குல ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருக்கா இல்லையான்னு வாங்குறவனுக்கும் தெரியாது. இன்னைக்கு மொபைல் கேம்ல காசு கொடுத்து லூட் பாக்ஸ் வாங்குறோம்ல, அதேதான். உயிரைப் பணயம் வெச்சு எடுத்தவன் கையில கிடைக்கிறது பங்குச் சிப்பி. அதனால இந்த கேம்ல பிளேயர் ஒரு முத்தைக் கூடக் கண்ணால பார்க்க மாட்டான். "முத்து இல்லாத முத்துக்குளி கேமை எவன் அண்ணா வாங்குவான்?"னு கோடிங் பையன் கேட்டான். நியாயமான கேள்வி. 'வெண்பா' ஞாபகம் இருக்கா? கனடாவுல ஒரு தமிழ் அம்மா இட்லி சுடுற கேம். 2024-ல பாஃப்டா விருது வாங்குச்சு. அதையும் யாராவது இப்படிக் கேட்டிருப்பாங்க.

ஊர்ப் பேரை வெச்சுப் பண்ணும்போது ஊரையும் கேட்கணும். 2014-ல வந்த 'நெவர் அலோன்' அலாஸ்கா பழங்குடிப் பெரியவங்களோட உட்கார்ந்து செஞ்ச கேம், அதுக்குள்ளயே அவங்க பேசுற வீடியோ இருக்கும். இவங்களும் வாரம் ஒரு தடவை கடற்கரையில அண்ணாச்சிமார்கிட்ட பில்ட் காட்டுறாங்க. கயித்தோட வைப்ரேஷன் தப்புன்னு முதல் நாளே சொல்லிட்டாங்களாம். அலை இழுக்கிறதும் ஆள் சுண்டுறதும் வேற வேறயா இருக்கணுமாம். ரெண்டு வாரமா அதையே சரி பண்ணிக்கிட்டிருக்காங்க.

கடைசியா ஒரு கேள்வி மிச்சம் இருந்துச்சு. லேட்டா இழுத்தா ஸ்க்ரீன்ல என்ன காட்டுறது? கோடிங் பசங்க வழக்கம்போல 'கேம் ஓவர்'னு போட்டிருந்தாங்க. அந்தப் பொண்ணு எழுந்து போய் போர்டுல அதை அழிச்சுட்டு எழுதினா: "கரைக்கு வந்து, வீட்டுக்கு நடந்து போய், அக்காகிட்ட சொல்லணும்."

யாரும் எதிர்த்துப் பேசலை. கேம்ல நடந்து போற லெவல் அது ஒண்ணுதான். ஓவியர் இப்போ திரேஸ்புரம் தெருவை வரைஞ்சுக்கிட்டிருக்கார், படகுத்துறையில இருந்து வீட்டு வாசல் வரைக்கும்.