தென் கொரிய இளையரிடையே பாலின அரசியல் பிளவு: ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு நாட்டின் வாக்காளர்கள் வர்க்கம், வட்டாரம், சமயம், தலைமுறை ஆகியவற்றின் அடிப்படையில் பிரிந்து நிற்பது அரசியலறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஒன்றாகும். ஆயின், ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே பள்ளியில் பயின்ற அண்ணனும் தங்கையும் தேர்தல் நாளில் எதிரெதிர் அணிகளுக்கு வாக்களிப்பது இந்நூற்றாண்டில் பல நாடுகளில் வலுப்பெற்றுவரும் போக்காகும். இப்போக்கு மிகத் தெளிவாக வெளிப்பட்ட நாடுகளுள் தென் கொரியா முதன்மையானது. அங்கு இளம் ஆண்களும் இளம் பெண்களும் அரசியலில் இவ்வளவு தொலைவு விலகியமைக்கான காரணங்களை விளக்குவதும், அதிலிருந்து ஆசிரியர்கள் பெறத்தக்க படிப்பினையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

வாக்குகள் காட்டும் பிளவு

தென் கொரியாவில் மூன்று பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் இணைந்து தேர்தல் நாளன்று வாக்களித்துத் திரும்புவோரிடம் கணிப்பு நடத்துகின்றன. 2021 ஏப்ரலில் நடைபெற்ற சோல் மாநகர மேயர் இடைத்தேர்தலில், முப்பது வயதுக்குட்பட்ட ஆண்களுள் 72.5 விழுக்காட்டினர் பழமைவாத வேட்பாளர் ஓ செ ஹூனுக்கு வாக்களித்ததாக அக்கணிப்பு காட்டியது. அதே வயதுப் பெண்களுள் அவருக்கு வாக்களித்தோர் 40.9 விழுக்காட்டினரே. அப்பெண்களுள் 15.1 விழுக்காட்டினர் இரு பெரிய கட்சிகளையும் விடுத்துச் சிறிய கட்சியினருக்கும் பிறருக்கும் வாக்களித்தமையும் நோக்கத்தக்கது.

2022 மார்ச் மாதத்து அதிபர் தேர்தலில் இப்பிளவு மேலும் துலக்கமானது. முப்பது வயதுக்குட்பட்ட ஆண்களுள் 58.7 விழுக்காட்டினர் பழமைவாத வேட்பாளர் யூன் சோக் யோலை ஆதரித்தனர், பெண்களுள் 58.0 விழுக்காட்டினர் லீ ஜே மியோங்கை ஆதரித்தனர். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழல் போல் அமைந்தது. அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோரிடையே ஆண், பெண் இரு சாராரும் ஏறத்தாழ 67 விழுக்காடு யூனையே ஆதரித்ததை இதனுடன் ஒப்பிட்டால், இப்பிளவு முதியோரிடம் காணப்படாத ஒன்று என்பது புலனாகும். யூன் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவான வேறுபாட்டிலேயே வென்றார்.

2025 ஜூன் தேர்தலில் லீ ஜே மியோங் அதிபரானார். அப்போது இருபது வயதினருள் பெண்களிடம் அவர் 58.1 விழுக்காடும் ஆண்களிடம் 24.0 விழுக்காடும் பெற்றார். அவ்வாண்களின் வாக்குகள் லீ ஜுன் சோக்கிற்கு 37.2 விழுக்காடாகவும் கிம் மூன் சூவிற்கு 36.9 விழுக்காடாகவும் பிரிந்தன. யூன் 2024 டிசம்பர் 3ஆம் நாள் இராணுவச் சட்டத்தை அறிவித்து, 2025 ஏப்ரலில் பதவி நீக்கப்பட்ட பின்னரும் இப்பிளவு மறையவில்லை.

இளம் ஆண்களின் முறையீடு

இளம் ஆண்களின் மனக்குறையில் முதலிடம் பெறுவது கட்டாய இராணுவப் பணியாகும். உடற்றகுதியுடைய ஆண்கள் இப்பணியை ஆற்ற வேண்டும். தரைப்படையில் அதன் காலம் 18 மாதம். பெண்கள் விரும்பினால் மட்டுமே படையில் சேரலாம். பணியாற்றித் திரும்பியோருக்கு அரசுப்பணித் தேர்வுகளில் 3 முதல் 5 விழுக்காடு வரை கூடுதல் மதிப்பெண் வழங்கும் முறை முன்னர் இருந்தது. மாணவியர் சிலரும் மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவரும் தொடுத்த வழக்கில், அது சமத்துவத்திற்கு முரணானது என அரசமைப்பு நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. அரைப் புள்ளி வேறுபாட்டில் வெற்றி தோல்வி அமையும் தேர்வுகளில் அச்சலுகை எத்துணைப் பெரிது என்பது அதனை இழந்தோருக்கும், அதனால் பின்தள்ளப்பட்டோருக்கும் நன்கு தெரியும். சலுகை நீங்கியது, கடமை நீடித்தது. ஆண்களுக்கு மட்டுமான கட்டாயப்பணி செல்லுமென்றே அந்நீதிமன்றம் பின்னரும் தீர்ப்பளித்துவந்துள்ளது.

இதனுடன் தலைமுறை சார்ந்த வாதமொன்றும் இணைகிறது. 1990இல் தென் கொரியாவில் 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தன. மகனை விரும்பிக் கருவிலேயே பெண்ணைத் தவிர்த்த காலம் அது. ஆணையே குடும்பத் தலைவராகப் பதிவு செய்த ஹோஜு முறை 2008இல்தான் முற்றாக ஒழிந்தது. இவ்வநீதிகளின் பயனைத் துய்த்தோர் தம் தந்தையரும் பாட்டனாருமே என்றும், பள்ளியில் தம்முடன் போட்டியிட்ட பெண்கள் தமக்கு இணையாகவோ மேலாகவோ பயின்றனர் என்றும் இளம் ஆண்கள் கூறுகின்றனர். தந்தையர் பட்ட கடனை மைந்தர் அடைப்பதா என்பதே அவர்தம் வினாவாகும்.

இளம் பெண்களின் முறையீடு

பெண்களின் அனுபவம் வேறு திசையில் அமைகிறது. பல்கலைக்கழகம் புகுவதில் ஆண்களை விஞ்சிய இப்பெண்கள், பணியுலகில் அதற்கீடான இடத்தைப் பெறவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளுள் ஆண் பெண் ஊதிய இடைவெளி மிகுதியான நாடு தென் கொரியா. அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ 30 விழுக்காடாக உள்ளது. பணியின் தொடக்கத்தில் சிறிதாக இருக்கும் இவ்விடைவெளி, மணமும் மகப்பேறும் நிகழும் முப்பதுகளில் விரிகிறது. வேலையை விட்டு விலகும் பெண் சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பும்போது முன்னைய நிலையில் அமர்வது அரிது. சோ நாம் ஜூ 2016இல் வெளியிட்ட ‘கிம் ஜி யங், 1982இல் பிறந்தவள்’ என்னும் புதினம் இவ்வாழ்வைப் பேசியதாலேயே பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையானது. அதனைப் படித்ததாகக் கூறிய பெண் பாடகர் ஆண் இரசிகர் சிலரின் சினத்திற்கும் ஆளானார்.

அச்சமும் இம்முறையீட்டின் ஒரு பகுதியாகும். 2016 மே மாதம் சோலின் காங்னாம் நிலையத்தருகே பொதுக் கழிப்பறையொன்றில் இளம்பெண் ஒருவர் முன்பின் அறியாத ஆணால் கொல்லப்பட்டார். நிலையத்தின் வாயில் இரங்கற் குறிப்புத் தாள்களால் நிறைந்தது. கழிப்பறைகளில் மறைகேமரா வைத்துப் படமெடுக்கும் குற்றத்தை எதிர்த்து 2018இல் பல்லாயிரம் பெண்கள் தெருவில் திரண்டனர். 2024 டிசம்பரில் யூனின் பதவி நீக்கத்தைக் கோரிய கூட்டங்களில், இசைக்குழு இரசிகர்கள் கையிலேந்தும் ஒளிக்கோல்களுடன் பெருமளவில் நின்றோரும் இளம்பெண்களே.

இருவேறு வயதுகள், இருவேறு அளவைகள்

இவ்விரு முறையீடுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரு சாராரும் கேட்பது நியாயத்தையே. எனினும், அவர்கள் வாழ்வின் வெவ்வேறு பருவங்களில் அதனை அளக்கின்றனர். ஆண் தன் இருபதாம் வயதைக் காட்டுகிறான்: உடன் பயின்றவள் தேர்வுக்கு ஆயத்தமாகும்போது தான் படைமுகாமில் இருந்ததை எண்ணுகிறான். பெண் தன் முப்பத்தைந்தாம் வயதைக் காட்டுகிறாள்: உடன் பயின்றவன் பதவி உயரும்போது தான் வீட்டில் இருக்க நேர்வதை எண்ணுகிறாள். இருவர் கணக்கும் தனித்தனியே மெய். ஒருவர் கணக்கை மற்றவருடையதற்கு மறுப்பாகக் கொள்ளும்போதே பிழை நேர்கிறது.

இவ்விரண்டையும் ஒருங்கே தீர்க்கும் கடமை அரசியலுக்கு உண்டு. நிகழ்ந்ததோ வேறு. 2022 ஜனவரியில் யூன், பெண்கள் நலனுக்கும் குடும்பத்திற்குமான அமைச்சை ஒழிப்பதாகக் கொரிய மொழியில் ஏழே எழுத்துகளில் அறிவித்தார். அவ்வறிவிப்பு படைப்பணியை ஒரு நாளும் குறைக்கவில்லை; ஊதிய இடைவெளியையும் குறைக்கவில்லை. ஆயினும் அது வாக்குகளை ஈட்டித் தந்தது. அமைச்சு ஒழிக்கப்படவுமில்லை, 2025 அக்டோபரில் பாலினச் சமத்துவத்திற்கும் குடும்பத்திற்குமான அமைச்சாகப் பெயர்மாற்றம் பெற்றது. ஒரு சாராரின் மனக்குறையைத் தீர்ப்பதைக் காட்டிலும் அதனை மறுசாராருக்கு எதிராகத் திருப்புவது எளிது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இதன் விளைவு அரசியலோடு நிற்பதன்று. தென் கொரியாவின் கருவள விகிதம் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 என வீழ்ந்து, 2024இல் 0.75ஆகச் சற்றே உயர்ந்தது. வீட்டு விலை, கல்விச் செலவு, நீண்ட வேலைநேரம் ஆகியனவும் இதற்குக் காரணங்கள் ஆதலின், பாலினப் பிளவை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. எனினும், ஒருவரையொருவர் ஐயுறும் தலைமுறை இணைந்து குடும்பம் அமைத்தல் கடினம் என்பதை மறுப்பதற்கில்லை.

நம் வகுப்பறைகளுக்கு உரியது

சிங்கப்பூரிலும் 1967 முதல் ஆண்களுக்குக் கட்டாயத் தேசிய சேவை உண்டு; அதன் முழுநேரக் காலம் ஈராண்டு. தென் கொரியாவில் கண்ட பிளவு இங்கும் உளதா என்பதை வாக்குகளால் அறிய வழியில்லை. தேர்தல் நாள் கணிப்புகளுக்கு இங்குச் சட்டத் தடை உள்ளது. ஆகவே, கொரிய நிலையை அப்படியே இங்குப் பொருத்திப் பார்ப்பது ஆய்வு நெறியாகாது. ஆனால், தேசிய சேவைக்குச் செல்லவிருக்கும் மாணவனும் அவனுக்கு முன்பே பல்கலைக்கழகம் புகவிருக்கும் மாணவியும் நம் வகுப்பறைகளில் அருகருகே அமர்ந்துள்ளனர் என்பது நாம் அறிந்ததே.

இங்குத் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது நமது பட்டிமன்ற மரபாகும். குடும்பத்தில் மிகுதியும் விட்டுக்கொடுப்பவர் ஆணா, பெண்ணா என்னும் வகையான தலைப்புகளை நாம் பல்லாண்டுகளாக மாணவர்க்கு வழங்கிவருகிறோம். நாவன்மையை வளர்க்க அவை பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒருவர் துன்பம் மெய்யானால் மற்றவர் துன்பம் பொய்யாக வேண்டும் என்னும் எண்ணத்தையும் அவை அறியாமலே ஊட்டுகின்றன. பட்டிமன்றத்திற்கேனும் இருபக்க நியாயத்தையும் எடுத்துரைத்து முடித்துவைக்க ஒரு நடுவர் உண்டு. தேர்தல் களத்தில் அத்தகைய நடுவர் இல்லை. அணி மாற்றி வாதிடச் செய்தல், இருபதாம் வயதிலும் நாற்பதாம் வயதிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் எவ்விடத்தில் நிற்பர் என எழுதச் செய்தல் போன்ற பயிற்சிகள் மொழித்திறனையும் வளர்க்கும். பிறர் கணக்கைப் படிக்கும் பழக்கத்தையும் தரும்.

முடிவுரை

தென் கொரிய இளையரின் பிளவு ஒரு சாராரின் அறியாமையாலோ மற்றொரு சாராரின் பேராசையாலோ விளைந்ததன்று. ஆண்மேல் மட்டும் சுமத்திய கடமைக்கு ஈடு காணாமையும், பெண்ணுக்குக் கல்வி தந்து பணியுலகை மாற்றாமையும் அதன் இரு வேர்கள். அவ்விரு குறைகளையும் தீர்க்காமல் ஒன்றை மற்றொன்றோடு மோதவிட்ட அரசியல் அப்பிளவை வளர்த்தது. பதினேழு வயதில் அருகருகே அமர்ந்திருக்கும் மாணவர்கள், தம்முள் ஒருவர் சுமப்பதை மற்றவர் அறியாமலே பிரிந்து செல்லாதவாறு காப்பது ஆசிரியரால் இயலக்கூடிய பணியே.