உங்களுக்குத் தெரியுமா? சர்ஜனை வியக்கவைத்த நோயாளி

2003-இல் சிலி நாட்டில் குடல் அடைபட்டு உயிருக்குப் போராடினார் அமெரிக்க நடிகர் ஆலன் ஆல்டா. கெட்டுப்போன பகுதியை வெட்டி, நல்ல முனைகளை இணைக்க வேண்டும் என்று சர்ஜன் விளக்கத் தொடங்கியதுமே, அந்த ஆபரேஷனின் மருத்துவப் பெயரை ஆல்டாவே சொல்லிவிட்டார். ‘மேஷ்’ டிவி தொடரில் 11 ஆண்டுகள் ராணுவ சர்ஜனாக நடித்தபோது கற்றது அது!

• அந்த ஒரே தொடருக்காக நடிப்பு, எழுத்து, இயக்கம் மூன்றிலும் எம்மி விருது வென்றார். அபூர்வமான சாதனை.

• 1983-இல் அவர் இயக்கிய ‘மேஷ்’ தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்தவர்கள் 10 கோடிக்கும் மேல்.

• சிலிக்குப் போனதே ‘சயின்டிஃபிக் அமெரிக்கன் ஃபிரான்டியர்ஸ்’ அறிவியல் நிகழ்ச்சிக்காக. 1993 முதல் 2005 வரை அதன் தொகுப்பாளர் அவர்.

• விஞ்ஞானிகளுக்குத் தெளிவாகப் பேசக் கற்றுத்தரும் மையம் ஒன்று 2009-இல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் உருவாகவும் அவரே காரணம்.