பால் நிலையத்துக்கு இடம் சொல்லும் முடிச்சு

கறந்த பாலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். அதில் புகும் பாக்டீரியாக்கள் பல இந்தச் சூட்டில் வேகமாகப் பெருகும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாகக் கொண்டால், நான்கு மணி நேரத்தில் ஒன்று 256 ஆகிவிடும்! 4 பாகைக்குக் குளிர்வித்தால் பெருக்கம் மிகவும் மந்தமாகிறது. ஆகவே காங்கேயம் வட்டாரத்தில் விடியற்காலையில் கறக்கும் பால், வெயில் ஏறுமுன் குளிர்விப்பு நிலையத்தை அடைந்தாக வேண்டும். திரிந்த பாலுக்கு விலை கிடையாது. தீவனச் செலவும் திரும்பாது.

அந்த நிலையத்தை எங்கே அமைப்பது? படியூர், ஊதியூர், நத்தக்காடையூர், வெள்ளகோவில் ஆகிய நான்கு ஊர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, ஒவ்வோர் ஊரிலும் ஒரு துளை போடுங்கள். பலகையைக் கிடைமட்டமாக உயர்த்தி வையுங்கள். நான்கு நூல்களை மேலே ஒரே முடிச்சாகக் கட்டி, மறுமுனைகளைத் துளைகளின் வழியே இறக்கி, எடைகளைத் தொங்கவிடுங்கள். 100 லிட்டர் பால் தரும் ஊருக்கு 100 கிராம் என்பது கணக்கு. முடிச்சு நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். நிலையத்துக்கு அதுவே இடம்.

எடைகள் இயன்ற அளவு தாழ இறங்கப் பார்க்கின்றன. மொத்த நிலையாற்றல் மிகக் குறைந்த நிலையில் ஓய்கின்றன. கீழே நூல் நீண்டால் மேலே குறையும் அல்லவா? எனவே ஒவ்வோர் எடையையும் பலகைமேலுள்ள அதன் நூல் நீளத்தால் பெருக்கிக் கூட்டினால், அத்தொகை அங்கே மிகச் சிறியதாக இருக்கும். எடையைப் பாலாகவும் நூலைத் தொலைவாகவும் எண்ணுங்கள்: வண்டிகள் சுமக்கும் லிட்டர்-கிலோமீட்டர் கிடைக்கிறது. பிரெஞ்சு அறிஞர் வாரினோன் பெயரால் வழங்கும் இக்கருவி, தொழிற்சாலைக்கு இடம் தேடுவது பற்றி ஆல்ஃபிரட் வேபர் 1909-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலில் இடம்பெற்றது.

இதைப் புவியீர்ப்பு மையம் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளகோவில் துளையை முடிச்சிலிருந்து அதே திசையில் இன்னும் தள்ளிப் போட்டாலும் முடிச்சு அசையாது! நூலின் இழுவிசை எடையைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்ததன்று. ஓர் ஊர் மட்டும் மற்ற மூன்றும் சேர்ந்து தருவதைவிட அதிகப் பால் தந்தால், முடிச்சு அந்தத் துளையிலேயே போய் உட்கார்ந்துவிடும். அப்போது தொலைவிலுள்ள ஊரின் பால் கெடாமல் வந்து சேருமா? முடிச்சுக்கு அந்தக் கவலை இல்லை. ஊரிலேயே குளிர்விப்புத் தொட்டி வைப்பது இதனால்தான்.

ஊருக்கொரு வண்டி என்றால்தான் இக்கணக்கு பொருந்தும். ஒரே லாரி 10 ஊர்களுக்குப் போவதானால், வரிசைகள் மட்டும் 36,28,800. முதலில் ஏற்றிய பால்தான் வெகுநேரம் சூட்டில் கிடக்கும். எனவே எந்த ஊரில் தொடங்குவது என்பதும் முக்கியம். பனி பெய்யும் நாடுகளில் சாலையில் உப்புத் தூவும் லாரிகளுக்கும் கிடங்கும் வழியும் தேடுகிறார்கள். அவற்றுக்கு ஊர்களைத் தொட்டால் போதாது; ஒவ்வொரு சாலையையும் கடந்தாக வேண்டும்.

சோதனையைச் செய்யும்போது துளை விளிம்புகளில் மெழுகு தடவிக்கொள்ளுங்கள். உராய்வு மிகுந்தால் முடிச்சு பாதி வழியிலேயே நின்று தவறான இடத்தைக் காட்டும்.