நர்சு 'பாஸ்'! போலீஸ் பாடம் 'பெயில்'! சுகாதாரத் திட்டங்களுக்கும் வந்தது பரீட்சை

பிள்ளைகள் போதைப் பழக்கத்தில் விழாமல் தடுக்க வேண்டுமா? போலீஸ்காரரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு!

1983-ம் ஆண்டு அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்த யோசனை இது. "டேர்" என்று பெயர். சீருடைப் போலீசார் வகுப்புக்கே வந்து பாடம் நடத்தினார்கள். பெற்றோருக்குப் பரம திருப்தி. ஊர் ஊராகப் பரவியது. பணம் தண்ணீராகச் செலவானது.

பலன்?

1994-ல் 8 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை! பிற்பாடு அந்தப் பாடத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

சலித்துப் பார்த்தார்கள்

அப்படியானால் எந்தத் திட்டத்தை நம்புவது?

இதற்கு விடை சொல்லத்தான் பதிவேடுகள் வந்தன. அதில் ஒன்று "புளூபிரிண்ட்ஸ்". கொலராடோ பல்கலைக்கழகம் 1996-ல் தொடங்கியது. முதலில் வன்முறைத் தடுப்புக்காக வந்தது. பிறகு பிள்ளைகளின் உடல்நலம், மனநலம் என்று விரிந்தது.

இதுவரை 1,500-க்கும் மேற்பட்ட திட்டங்களைச் சலித்தாகிவிட்டது. நூற்றுக்குப் பத்துகூடத் தேறவில்லை!

பரீட்சை கடுமை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போல ஆட்களை இரண்டு கூறாகப் பிரிக்கிறார்கள். ஒரு கூறுக்கு மட்டும் திட்டம். பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். முதல் வகுப்பில் தேற ஒரு சோதனை போதாது. திட்டம் முடிந்து ஒரு வருஷமாவது பலன் நிலைக்க வேண்டும்.

எந்த வயதுக்கு, என்ன செலவு, என்ன பயிற்சி எல்லாம் பதிவேட்டில் உண்டு. கையில் காசு குறைவான சின்ன ஊர்க்காரர்களும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

வீடு தேடி வந்த நர்சு

தேறியவற்றில் ஒன்று நர்சு திட்டம். தலைப்பிரசவப் பெண்ணின் வீட்டுக்கு, குழந்தைக்கு 2 வயது ஆகும்வரை நர்சு வந்து போவார். நியூயார்க் மாநிலம் எல்மைரா ஊரில் 1970-களின் கடைசியில் தொடங்கிய சோதனை இது. 15 வருஷம் கழித்துப் பார்த்தால், அந்த வீடுகளில் குழந்தைகளை வதைத்த, கவனிக்காமல் விட்ட புகார்கள் குறைந்திருந்தன!

ஆனால் இதே திட்டம் இங்கிலாந்தில் எடுபடவில்லை. 2016-ல் "லான்செட்" மருத்துவ இதழில் முடிவு வந்தது. கர்ப்பிணிகளின் புகைப்பழக்கம் குறையவில்லை. குழந்தையின் எடையும் கூடவில்லை. அங்கே தாய்மாருக்கு ஏற்கனவே அரசாங்க நர்சுகளின் உதவி உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆக, பதிவேட்டைப் பார்த்தால் மட்டும் போதாது. நம்ம ஊருக்குப் பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும்.

சோதிக்காத மருந்தை ஊசியில் ஏற்றுவதில்லை. புத்திமதிக்கு மட்டும் சோதனை வேண்டாமா?